சான்று பெற்ற மூச்சு

முத்திரை குத்திய காகிதம் என்றால் விஜயராஜுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு மரியாதை. பஸ் டிக்கெட்டைக்கூட ஊர் வந்து சேர்ந்த பிறகு கசக்கி எறிய மனம் வராது. வீட்டுப் பலசரக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் கழுகுமலை சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனைக்கு மேலாளராக வந்தவர், முதல் வேலையாகச் சுவரில் தொங்கிய சான்றிதழ்களை இறக்கித் துடைத்து வரிசையாக மாட்டினார். மாடியே இல்லாத அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அதையும் துடைத்து மாட்டினார்.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சை அறையில் இரண்டு வென்டிலேட்டர்கள் இருந்தன. கொரோனா காலத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்தவை. ஒன்று ஜன்னலோரம், மற்றொன்று வாசலோரம். இரண்டின் நெற்றியிலும், கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் மண்டல மருத்துவக் கருவி மெய்ப்பு வாரியத்தின் வட்ட ஸ்டிக்கர் பொட்டு வைத்ததுபோல் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் விஜயராஜுக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் மயக்க மருந்து மருத்துவர் சுகிர்தா. ஜன்னலோர இயந்திரத்தில் நோயாளிகளின் நெஞ்சு ஏறுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. வென்டிலேட்டரைச் சோதிக்கும் கருவி வாங்கலாம் என்றால் ஒரு கார் விலை சொன்னார்கள். அவர் இணையத்தில் தேடினார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பொறியாளர்கள் கூடி ஒரு சோதனைப் பெட்டியை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று வரைபடத்தைப் பொதுவில் போட்டிருந்தார்கள். கடையில் கிடைக்கிற உணரிகளையும் சின்னத் திரை ஒன்றையும் வாங்கி, தோழி ஒருத்தியோடு உட்கார்ந்து பற்றவைத்து, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியைச் செய்துவிட்டார்.

நுரையீரலுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பையை மாட்டி, நடுவில் பெட்டியைச் செருகினார்கள். வாசலோர இயந்திரம் தன் திரையில் மூச்சின் அழுத்தம் இருபது என்றது. பெட்டியும் இருபது என்றது. ஜன்னலோர இயந்திரமும் இருபது என்றது. பெட்டி முப்பத்துநாலு என்றது.

சுகிர்தா தன் பெட்டியையும் நம்பவில்லை. ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்து, தண்ணீர் ஊற்றி, ஸ்கேலைப் பக்கத்தில் கட்டி இயந்திரத்தோடு சேர்த்தார். தண்ணீரும் முப்பத்துநாலு வரை ஏறியது.

"மூச்சோட அழுத்தத்த அளக்கதே இத்தன சென்டிமீட்டர் தண்ணின்னுதான் அண்ணாச்சி. அதான் தண்ணிகிட்டயே கேட்டுட்டேன். இந்த மிஷின் இருபதுன்னு சொல்லிக்கிட்டு முப்பத்துநாலு குடுக்கு. இதுல ஆளப் போட்டா நுரையீரல் கிழிஞ்சிரும்."

"ஸ்டிக்கர் இருக்கே டாக்டரம்மா," என்றார் விஜயராஜ், பரிதாபமாக.

அன்றே ஜன்னலோர இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். விஜயராஜ் வாரியத்துக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வரும் என்று நம்பி, மாட்டுவதற்குச் சுவரில் ஓர் ஆணியும் அடித்து வைத்தார்.

பாராட்டுக் கடிதத்துக்குப் பதில் ஆய்வாளர் பரமசிவன் ஜீப்பில் வந்தார். பின்னாலேயே இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைச் சப்பரம் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்கள். திறந்தால் உள்ளே சிவப்பு வெல்வெட். வெல்வெட்டுக்கு நடுவே, கண்ணாடித்தாள் உறையும் அரக்கு முத்திரையுமாக வெளிநாட்டுச் சோதனைக் கருவி ஒன்று கண்மூடிக் கிடந்தது.

"இதுதான் வாரியத்தோட மூலக் கருவி," என்றார் பரமசிவன். குரல் தானாகவே தணிந்தது.

"உறையப் பிரிக்கலயா சார்?" என்று கேட்டார் விஜயராஜ்.

"பிரிக்கக் கூடாது. சீலை உடைச்சா இதோட சான்று போயிரும். சான்று போன கருவிய வச்சு நான் எப்படிச் சோதிக்க?"

"அப்ப உடைக்காம எப்படிச் சோதிப்பிய?"

"பக்கத்துல வைப்போம்."

பக்கத்தில் வைத்தார்கள். பரமசிவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தூக்கி வந்த இருவரும் நின்றார்கள். விஜயராஜும் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பரமசிவன் பெருமூச்சு விட்டு, "ஒப்பீட்டு மெய்ப்பு முடிஞ்சது. ஜன்னலோர மிஷின் நல்லாருக்கு," என்றார்.

சுகிர்தா தண்ணீர்க் குழாயை மாட்டி, அணைத்து வைத்திருந்த ஜன்னலோர இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். தண்ணீர் விறுவிறுவென்று ஏறி நின்றது. பரமசிவன் குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி சார்."

"குழாய்த் தண்ணின்னா? தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரா, போர்த் தண்ணியா?"

"எந்தத் தண்ணியா இருந்தாலும் இதே உயரந்தான சார் ஏறும்?"

"அது உங்க கருத்து. அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல் பட்டியல்ல தண்ணி இல்ல. தண்ணிக்கு மாடல் நம்பர் உண்டா? தயாரிப்பாளர் யாரு?"

சுகிர்தா ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு மேகம்கூட இல்லை.

பரமசிவன் எழுதிக் கொடுத்த அறிக்கையை விஜயராஜ் பலமுறை படித்தார். படிக்கப் படிக்க, சரியாகத்தான் இருக்கிறதோ என்று தோன்ற ஆரம்பித்தது. சோதனைப் பெட்டிக்குச் சான்று கிடையாது. ஆகவே அது சொல்வது செல்லாது. ஜன்னலோர இயந்திரம் பழுது என்று பெட்டி சொன்னது. அது செல்லாததால் அந்த இயந்திரம் பழுதற்றது. வாசலோர இயந்திரம் சரி என்று பெட்டி சொன்னது. அதுவும் செல்லாததால் அந்த இயந்திரத்தின் நிலை ஐயத்துக்குரியது. எனவே வாசலோர இயந்திரத்தின் சான்று நிறுத்திவைக்கப்படுகிறது. மீறிப் பயன்படுத்தினால் மருத்துவமனையின் உரிமத்துக்கே ஆபத்து.

நல்ல இயந்திரத்தின் நெற்றியில் இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள். சோதனைப் பெட்டியைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, ஜீப்பில் ஏற்றினார்கள்.

"அதக் கொண்டு போறாங்களே டாக்டரம்மா!"

"போகட்டும் அண்ணாச்சி. வரைபடம் எல்லாருக்கும் பொதுதான. இன்னொண்ணு செஞ்சிருதேன்."

செய்தும் விட்டார். இதற்கிடையில் வாரியத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பெட்டியை வடிவமைத்தவர்கள் நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம். உறையின் மேல் 'பல நாடுகளைச் சேர்ந்த பலர், மே/பா மேலாளர், சங்கரன்கோவில்' என்று முகவரி இருந்தது. இதை யாருக்கு அனுப்புவது என்று விஜயராஜுக்குப் புரியவில்லை. பொதுமக்கள் பார்வைக்கு அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்.

அந்த வாரத்தில்தான் குருவிகுளம் பக்கத்திலிருந்து காசியைக் கொண்டு வந்தார்கள். உளுந்துக் காட்டுக் காவலுக்குப் போய்த் தரையில் படுத்தவனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. வரும்போதே இமை இரண்டும் விழுந்துவிட்டன. நாக்கு குழறியது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு ஓய ஆரம்பித்தது.

சுகிர்தா விஜயராஜைப் பார்த்தார். விஜயராஜ் ஸ்டிக்கர் உள்ள இயந்திரத்தைப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லாத இயந்திரத்தைப் பார்த்தார். வாசலில் காசியின் மனைவி ஜெயசித்ரா, வந்த வேகத்தில் ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாசலோர மிஷின்ல போடுங்க," என்றார். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம்.

குழாய் போட்டாயிற்று. இயந்திரம் சீராக மூச்சு ஊதியது. சுகிர்தா ஜெயசித்ராவை உள்ளே அழைத்து, "கண்ணத் தொறக்கலையேன்னு பயப்படாதிய. விஷம் உடம்பத்தான் கட்டிப்போட்டிருக்கு. காது கேக்கும். பேசுங்க," என்றார்.

அவள் குனிந்து, "ஆட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு. நீ ஒண்ணும் நெனச்சுக் கெடக்காத," என்று காதுக்குள் சொன்னாள்.

இரண்டாம் நாள் மண்டல இயக்குநர் கோமதிசங்கர் திடீர் ஆய்வுக்கு வந்தார். திடீர் ஆய்வு என்பதால் சால்வை வாங்கி வைக்கும்படி மட்டும் முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தார்கள். கூடவே பரமசிவனும், வெல்வெட் பெட்டியும், ஒரு போட்டோகிராபரும் வந்தார்கள்.

கோமதிசங்கர் மேடையில் பேசுவதுபோலத்தான் எங்கேயும் பேசுவார். மேஜை மேல் இருந்த புதுப் பெட்டியைக் கண்டதும் நின்றார். "பறிமுதல் செய்யப்பட்ட பெட்டி இங்கே எப்படி வந்தது?"

"இது வேற சார். அதே வரைபடத்த வச்சு டாக்டரம்மா புதுசா செஞ்சது."

"அதே வரைபடம், அதே பெட்டி. ஆகவே இதுவும் ஏற்கெனவே பறிமுதல் செய்யப்பட்டதாகவே கருதப்படும். ஒரே பொருளை இரண்டு முறை பறிமுதல் செய்ய விதியில்லை. இருக்கட்டும். இந்த வடிவத்தின் விலை என்ன?"

"விலை இல்ல சார். சும்மாத்தான் குடுக்காங்க," என்றார் சுகிர்தா.

"விலை இல்லையென்றால் டெண்டர் இல்லை. டெண்டர் இல்லையென்றால் அதில் தோற்றவர் இல்லை. தோற்றவர் ஒருவர்கூட இல்லாத பொருளைச் சிறந்தது என்று நான் எப்படி நம்புவது?" அவர் திரும்பிக் காசியின் கட்டிலைப் பார்த்தார். "இவர் ஏன் சான்றில்லாத இயந்திரத்தில் கிடக்கிறார்? உடனே சான்றுள்ளதற்கு மாற்றுங்கள்."

"அது கூடுதலாக் குடுக்கு சார். செத்துருவாரு," என்றார் சுகிர்தா.

கோமதிசங்கர் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றார். போட்டோகிராபர் தயாரானார்.

"டாக்டர், உயிர் முக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் உயிர் வரும், போகும். விதி நிற்கும். என் பணிக்காலம் முழுவதும் நான் ஓர் இயந்திரத்தைக்கூடத் தொட்டதில்லை. ஆகவே என் கையால் ஒரு பழுதும் நேர்ந்ததில்லை. சான்றுள்ள இயந்திரத்தில் ஒருவர் இறந்தால் அது இறப்பு. சான்றில்லாத இயந்திரத்தில் ஒருவர் பிழைத்தால் அது முறைகேடு. மாற்றுங்கள்."

வாசலோர இயந்திரம் ஊதிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே ஜெயசித்ரா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நிற்பது விஜயராஜுக்குத் தெரிந்தது. உரிமம் போனால் மருத்துவமனையை இழுத்து மூட வேண்டியதுதான். வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.

"சார், ஒரு வேண்டுகோள். சான்றுள்ள மிஷின்ல நீங்க ஒரே ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக் காமிங்க. நான் மாத்திருதேன்."

"நான் நோயாளி இல்லை. ஆரோக்கியமானவருக்கு அதைப் பயன்படுத்துவது விதிமீறல்."

"அப்ப மாத்தச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"வாரியம் அறிவுறுத்தும். உத்தரவு போடாது. பொறுப்பு முழுவதும் உங்களுடையது."

"பொறுப்பு என்னுதுன்னா," என்றார் விஜயராஜ், குரல் நடுங்க, "நான் மாத்த மாட்டேன்."

பரமசிவன் தரையைப் பார்த்தார். கோமதிசங்கர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்தார். "சரி. நோயாளியை அசைப்பது சிரமம் என்றால் அசைக்க வேண்டாம். ஆவணத்தில் மாற்றிவிடுவோம். பரமசிவன், எழுதிக்கொள்ளும். இன்று முதல் இந்த நோயாளி ஜன்னலோர இயந்திரத்தில் இருப்பதாகக் கருதப்படுவார்."

சிக்கல் தீர்ந்த மகிழ்ச்சியில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கோமதிசங்கர் விஜயராஜின் தோளில் கைபோட்டு, முதன்முறையாக மனிதக் குரலில், "ஆமா வே, இங்கன பிரியாணி எந்தக் கடையில நல்லாருக்கும்?" என்று கேட்டார்.

காசி பிழைத்துக்கொண்டான். முதலில் விரல் அசைந்தது; பிறகு ஓர் இமை பாதி தூக்கியது. குழாயை எடுத்த அன்று, கரகரத்த தொண்டையில் தண்ணீர் கேட்டான். ஜெயசித்ரா அழுதுகொண்டே, இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து அவனை வைதாள்.

ஆவணப்படி அவன் பிழைத்தது ஜன்னலோர இயந்திரத்தில் அல்லவா? வாரியத்தின் மெய்ப்பு வார விழா அந்த ஆண்டு சங்கரன்கோவிலிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டலத்தின் சிறந்த இயந்திரம் என்ற விருது ஜன்னலோர வென்டிலேட்டருக்கு அறிவிக்கப்பட்டது. அதை வேனில் ஏற்றி வந்து, மணமக்கள் உட்காரும் மேடையில் நிறுத்தி, மாலை போட்டு, பொன்னாடையும் போர்த்தினார்கள். பொன்னாடை வழுக்கி விழுந்துகொண்டே இருந்ததால் ஓர் ஊழியர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்.

காசியைப் பயனாளி என்று அழைத்திருந்தார்கள். இயந்திரத்துக்கு நன்றி சொல்லி இரண்டு வார்த்தை பேச வேண்டும். வெள்ளை வேட்டி கட்டி வந்தவனிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. இந்த மிஷின எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் பாக்கேன். நான் கெடந்தது வாசப் பக்கத்து மிஷின்ல. எப்படித் தெரியும்னா, கண்ணுதான் தொறக்க முடியல, காது நல்லாக் கேட்டுச்சு. இந்தா இருக்காகளே இந்த ஐயா, எந் தலைமாட்டுல வந்து நின்னாக. உயிர் வரும், போகும், விதி நிக்கும்னு சொன்னாக. என்னத் தூக்கி இதுல போடச் சொன்னாக. போட்டா செத்துருவாருன்னு டாக்டரம்மா சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு."

காசி மைக்கை வாயருகே இன்னும் நெருக்கிப் பிடித்தான்.

"எய்யா வேண்டாம், எய்யா வேண்டாம்னு உள்ளுக்குள்ள கத்துதேன். சத்தம் வரல. கையத் தூக்கிப் பாக்கேன், அது எங்க இருக்குன்னே தெரியல. அப்பம் மேனேசர் அண்ணாச்சி, மாத்த மாட்டேன்னாக. நடுங்கிக்கிட்டுத்தான் சொன்னாக. அந்தச் சத்தத்தக் கேட்ட பெறவுதான் இனி பொழச்சுக்கிடுவோம்னு எனக்கு..." அவன் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். "பெறவு இந்த ஐயா பிரியாணிக் கடை எங்கனன்னு கேட்டாக. அவ்வளவுதான். வணக்கம்."

விஜயராஜ் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்திலிருந்த சுகிர்தா தன்னுடையதைக் கொடுத்தார்.

கோமதிசங்கர் எழுந்து மைக்கைச் சரிசெய்தார். "நண்பர் காசி அவர்களின் உரையைக் கேட்டீர்கள். என்ன தெளிவு! என்ன நினைவாற்றல்! மூச்சை மட்டுமல்ல, செவியையும் நினைவையும் நாவன்மையையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறது நமது இயந்திரம். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?"

கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. பொன்னாடை மறுபடியும் விழுந்தது.

விருது பெற்ற இயந்திரத்தை யாரும் திறக்கக் கூடாது என்று வாரியம் விதித்துவிட்டதால் அதைப் பழுது பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. மாலையோடு ஜன்னலோரம் நின்றது. வாசலோர இயந்திரம் ஸ்டிக்கர் இல்லாமலே வேலை செய்தது. விஷயம் காதோடு காதாகப் பரவி, சுற்று வட்டாரத்துச் சிறிய மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சத்தமில்லாமல் பெட்டியை வாங்கிப் போய்த் தங்கள் இயந்திரங்களைச் சோதித்துவிட்டு, சத்தமில்லாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டொருவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கித் தாங்களே செய்துகொண்டார்கள். விஜயராஜ் இதற்கெல்லாம் எந்த முத்திரையும் குத்தவில்லை. அது அவருக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் ஆய்வாளர் பரமசிவன் வந்தார். ஜீப் இல்லை, மோட்டார் சைக்கிள். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விஜயராஜ் பதறிப்போய்ச் சால்வை இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்தார்.

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி," என்றார் பரமசிவன். "எங்க அம்மைக்கு நெஞ்சுல சளி கட்டி, காலைல இருந்து வென்டிலேட்டர்ல போட்டிருக்கு. எங்க ஊர்ல இருக்க ஆஸ்பத்திரிதான். அந்தப் பெட்டி... டாக்டரம்மா கொஞ்சம் வர முடியுமா?"

விஜயராஜ் வேண்டுமென்று கேட்கவில்லை. பழக்க தோஷத்தில்தான் கேட்டார். "அந்த மிஷினுக்கு வாரியத்தோட சான்று இருக்கும்லா சார்?"

"இருக்கு அண்ணாச்சி. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். அதான் பயமா இருக்கு."

விஜயராஜ் மருத்துவமனை வண்டியை எடுக்கச் சொல்லி, சுகிர்தாவோடு தானும் ஏறிக்கொண்டார். பரமசிவன் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வேகத்தடை வரும்போதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அங்கே கட்டிலில் ஒரு மெலிந்த அம்மாள் கண்மூடிக் கிடந்தாள். சுகிர்தா அந்த ஊர் மருத்துவரிடம் பேசி, இயந்திரத்துக்கும் குழாய்க்கும் நடுவே பெட்டியை இணைத்தார். பரமசிவன் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ தெரியாது.

"பரமசிவன் சார்," என்று சுகிர்தா கூப்பிட்டார். "திரும்பிப் பாருங்க."

இயந்திரம் பதினெட்டு என்றது. பெட்டியும் பதினெட்டு என்றது.

அவர் பக்கத்தில் வந்து, இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை நீட்டி ஒன்றைத் தொட்டார், மற்றொன்றையும் தொட்டார். பிறகு அம்மாவின் காலைப் பிடித்தபடி அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங் கையெழுத்து சரியா இருந்திருக்கு அண்ணாச்சி," என்றார். அப்படி ஓர் ஆச்சரியத்தை விஜயராஜ் எந்த மனித முகத்திலும் அதுவரை பார்த்ததில்லை.